எடுக்காத பொட்டணம்

என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அக்காவுக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே மாதத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு நல்ல வரனும் வந்தது. எதற்குத் தலையாட்டுவது என்று அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போய் அம்மனிடம் பூக் கேட்டார்கள். அங்கே நடந்த ஒரு காரியம், அதைச் செய்தவரைத் தவிர, அந்தச் சின்னப் பெண்ணுக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவிடம் சொல்லிவிட அவள் துடித்தாள். அவள் வாயை அடைத்தது நான். திட்டவில்லை, மிரட்டவில்லை. பாடம் நடத்தியே அடைத்தேன்.

சரவணம்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். மீதிப் பேர் பம்ப் பட்டறை, நூல் மில், கோழிப்பண்ணை என்று சொந்தத் தொழில் செய்கிறார்கள். எங்கள் பிரின்ஸிபால் அம்மா ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, குழந்தைகளுக்குத் தத்துவம் கற்றுத் தர வேண்டும் என்று முடிவெடுத்தார். அட்மிஷன் நோட்டீஸில் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். யாருக்கு வேலை குறைவாக இருக்கிறது என்று டைம்டேபிளைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நான் சும்மா உட்கார்ந்திருப்பது அதில் தெரிந்துவிட்டது.

புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. எதை வைத்து நடத்துவது என்று கேட்டேன். கதை சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள், உங்களுக்குத்தான் பேச்சு நன்றாக வருமே என்றார் பிரின்ஸிபால். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளைகளின் வயதில் எனக்கு யாரும் சொல்லித் தராததைச் சொல்லித் தரலாம் என்று ஆசையும் இருந்தது. ஒரு விஷயத்தைத் தெரியும் என்று சொல்கிறோமே, அது எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தேன்.

முதல் கதை நானே கட்டியது. ஓர் அம்மா காங்கேயம் பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் நிற்கிறாள். தூரத்தில் ஹாரன் கேட்கிறது. பஸ் வருகிறது என்று பையைத் தூக்கிக்கொள்கிறாள். வளைவில் திரும்பி வந்தது ஒரு லாரி. ஹாரன் அடித்தது அதுதான். ஆனால் லாரிக்குப் பின்னாலேயே, சத்தமே இல்லாமல், பஸ்ஸும் வந்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், பையைத் தூக்கியபோது பஸ் வருகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பஸ்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்றது ஒரு கட்சி. அது குருட்டாம்போக்கில் சரியாகப் போனது, தெரிந்ததாகக் கணக்கில் வராது என்றது இன்னொரு கட்சி. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, மூன்றாவது பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. வயதுக்குச் சற்றுச் சின்ன உருவம், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை.

"மிஸ், அந்தம்மா எப்படியும் பஸ் ஏறிட்டாங்களே. அப்பறம் தெரிஞ்சா என்னங்க, தெரியாட்டி என்னங்க?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்தப் பெண்தான் இவள். அன்று முதல் மற்ற பிள்ளைகள் பேசும்போதும் என் காது இவள் பக்கமே இருந்தது.

இரண்டு மாதத்தில் 'எப்படித் தெரியும் கிளாஸ்' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். கேள்வி பள்ளிக்கூடத்து கேட்டோடு நிற்கவில்லை. ஒரு பையன் வீட்டில் சாப்பிடும்போது, நம்ம சாதிதான் உசத்தி என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறான். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் பிரின்ஸிபால் அறையில் இருந்தேன். அந்த அப்பாவும் இருந்தார். கோபமே படவில்லை. எங்கள் ஊரில் ஆளைக் கட்டிப்போடுவதற்குக் கோபம் தேவையில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ், பசங்க மனசு கெட்டுப்போயிரக் கூடாது பாருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். கும்பிடுகிறவரிடம் என்ன செய்வது?

அவர் போனதும் பிரின்ஸிபால் ஒரு தாளை நீட்டினார். சாமி, சாதி, வீட்டு விஷயம் இந்த மூன்றையும் வகுப்பில் தொட மாட்டேன் என்று எழுதியிருந்தது.

"எனக்கும் புரியுதுங்க மிஸ். ஆனா மேனேஜ்மெண்ட் கேக்கறாங்க. ஒரு கையெழுத்துத்தானுங்க."

என் மகன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடும்போது ஒரு கேள்வி வந்தது: இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது? பஸ்ஸும் மிட்டாயும் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை மிட்டாயை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை மேசைமேல் வைத்தேன். ஒன்றில் கடலை மிட்டாய் இருக்கிறது, இன்னொன்றில் ஒன்றுமில்லை, ஒருவர் வந்து ஒன்றை எடுங்கள் என்றேன். வந்தவன் எடுத்ததில் மிட்டாய் இருந்தது. கைதட்டினார்கள். அடுத்தவள் எடுத்ததிலும் மிட்டாய். நாலாவது ஆளுக்கும் மிட்டாய் வந்தபோது, வகுப்பு முழுக்க எங்கள் கை ராசி அப்படி என்று குதித்தது. இரட்டைச் சடைக்காரி மட்டும் எழுந்து வந்து, யாரும் எடுக்காத டப்பாவைத் திறந்து பார்த்தாள். அதிலும் மிட்டாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாரும் எடுத்ததையே பார்க்கிறீர்கள், எடுக்காததையும் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்று அன்று முழங்கினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சாமி இல்லை, சாதி இல்லை, வீட்டு விஷயம் இல்லை. யாரும் குறை சொல்ல முடியாத வகுப்பு என்று நானும் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சாப்பிட்டாயா என்றேன். தலையை ஆட்டினாள். கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். பக்கத்து மேப் ரூமுக்குக் கூட்டிப் போனேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே வாடிப்போன வாழையிலைத் துண்டு. அதற்குள் பழுப்பேறிய வெள்ளை அரளி ஒன்று.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம், நிலம், தொழில், எதுவானாலும் முடிவு தெரியாமல் நிற்கும்போது கோயிலுக்குப் போவோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் உத்தரவு. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி. அது பாட்டுக்கு அங்கேயே ஓர் ஓரத்தில் கிடக்கும். நானே பத்துப் பன்னிரண்டு முறை பூக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். என் கல்யாணமும் அப்படி வந்ததுதான். மற்றதைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

அவள் சொன்னாள்:

"வெள்ளை வந்தா கல்யாணம், செவப்பு வந்தா படிப்புன்னு அப்பா சொன்னாங்க மிஸ். ஊட்டுல நாந்தான் சின்னவ, அதனால என்னைய எடுக்கச் சொன்னாங்க. எடுத்தனுங்க. வெள்ளை. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்பறம் அவங்கெல்லாம் பொங்கல் வெக்கறதுக்குப் போனப்ப, நா இன்னொண்ணப் பிரிச்சுப் பாத்தனுங்க. இதானுங்க அது."

பொட்டணத்தை யார் கட்டியது என்று கேட்டேன்.

"எப்பவும் பூசாரி கட்டுவாருங்க. அன்னிக்கி அப்பா கட்டிக் கொண்டாந்துட்டாங்க."

வெளியே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் அக்கா அந்த நிறுவனத்துக்கு வருகிறேனா இல்லையா என்று பதில் அனுப்ப வேண்டும் என்றாள். அதற்குள் சொன்னால்தான் உண்டு.

"அக்கா அழுகவே இல்லீங்க மிஸ். அம்மன் வேண்டாம்னா போக மாட்டேன், அப்பா வேண்டாம்னாப் போவேன்னு மொதல்லயே சொல்லிப்போட்டா. இப்ப நா சொன்னா அவ போயிருவா. சொல்லட்டுங்களா மிஸ்?"

இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை கேட்க முடியாது. சொல்லு கண்ணு என்ற இரண்டு வார்த்தைதான் என்னிடமிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது.

நான் அந்தத் தாளை நினைத்தேன். சாமி, வீட்டு விஷயம், இரண்டும் சேர்ந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தன. அவள் அப்பா பள்ளியின் பெற்றோர் குழுவில் இருப்பவர். எடுக்காததைத் திறந்து பார் என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், அவள் நோட்டில் என் வாக்கியம் தேதியோடு இருக்கும். என் மகனுக்குப் பொதுத் தேர்வுக்கு நாலு மாதம். பயந்த மனுஷிக்குப் பேச்சு நன்றாக வரும் என்று அன்றுதான் கண்டேன்.

"இது எங்கியோ தவறிக்கூட நடந்திருக்கலாமில்ல கண்ணு? செவப்புப் பூ கெடைக்காம இருந்திருக்கலாம். மூணாவதா ஒரு பொட்டணம் எங்கியாச்சும் விழுந்திருக்கலாம். ஒண்ணப் பிரிச்சுப் பாத்துட்டு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லலாமா?"

அவள் யோசித்தாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே, நேர்மையாக யோசித்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அப்படியே உங்கப்பா கட்டினதா இருந்தாலும், அந்தக் கல்யாணம் உங்கக்காவுக்கு நல்லதா அமையலாமில்ல? நம்ம கதையில அந்தம்மா லாரி ஹாரனக் கேட்டுத்தான் பையத் தூக்கினாங்க. ஆனா சரியா பஸ் ஏறலையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தம்மா போகோணும்னு நெனச்ச ஊருக்குத்தானுங்க மிஸ் அந்த பஸ் போச்சு. எங்கக்கா ஈரோட்டுக்குப் போகோணும்னு நெனைக்கவே இல்லீங்களே."

பன்னிரண்டு வயது. நான் படித்த எம்.ஏ. முழுவதையும் ஒரு வரியில் மடக்கிப் போட்டுவிட்டாள். பெரியவர்கள் கையில் எப்போதும் இருக்கும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இது பெரிய விஷயம் அம்மணி. அவசரப்பட்டுச் சொல்லீறக் கூடாது. நா யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் ஆர்கிட்டயும் சொல்லாத."

"சரிங்க மிஸ்" என்றாள். பொட்டணத்தை மடித்து மறுபடி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் பாரம் இறங்கிய மாதிரி ஒரு தெளிவு. பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்துக்கொண்டேதான் இருந்தேன், ஒரே இடத்தில் சுற்றும் செக்கு மாடு மாதிரி. நானே அக்காவிடம் பேசலாம், ஆனால் அவள் நம்பர் என்னிடம் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் நம்பர்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பையன் படிக்கும் அறையைப் பார்த்தார், எழுந்து போய் அதன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிரின்ஸிபாலிடம் சொல்லலாமா என்று அவர் அறை வரைக்கும் போனேன். மேசைமேல் என் கையெழுத்துப் போட்ட தாள் இருந்த ஃபைலைப் பார்த்ததும், ஹாலிடே லிஸ்ட் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. இரண்டிலும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. யோசிக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இரண்டாவது சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம். அவள் அப்பாவோடு வந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டறை வைத்திருப்பவர் என்று சொல்ல முடியாதபடி அமைதியான மனுஷர். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நிஜமாகவே நல்லவர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்ததே அவர்தான். இவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

"ஏனுங்க மிஸ், நல்லா இருக்கீங்களா? எம்பொண்ணு இப்பெல்லாம் ரொம்ப யோசிக்குதுங்க. எல்லாம் உங்க கிளாஸ்தானுங்க. பெரியவளுக்கு ஈரோட்டுல முடிவாயிருக்குதுங்க. அம்மனே உத்தரவு குடுத்துட்டா, நாம என்னங்க சொல்றது? கண்ணு, நீதான எடுத்த, என்ன பூ வந்துச்சுன்னு மிஸ்கிட்டச் சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தால் போதும். புருவத்தை உயர்த்தியிருந்தால்கூடப் போதும், அவள் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது. வரிசையில் நாலு பெற்றோர் நின்றிருந்தார்கள். பிரின்ஸிபால் பக்கத்து மேசையில் இருந்தார். நான் மார்க் ஷீட்டைக் குனிந்து பார்த்தேன்.

"வெள்ளைப் பூ வந்துச்சுங்க மிஸ்."

"ரொம்பச் சந்தோசமுங்க" என்றேன். சமூக அறிவியலில் தொண்ணூற்றாறு, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம் என்று சேர்த்துச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜாமெட்ரி பாக்ஸில் இலையும் இல்லை, பூவும் இல்லை. அவள் பென்சில் எடுப்பதற்காகத் திறந்தபோது பார்த்தேன். நாள் கடந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்கே வந்து, வீட்டுக்காரரையும் உட்கார வைத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அழைத்தார். "கண்டிப்பா வரோணுமுங்க" என்று இரண்டு முறை சொன்னார். அப்படி அழைத்த பிறகு எங்கள் ஊரில் போகாமல் இருக்க முடியாது.

முகூர்த்தம் முடிந்திருந்தது. பரிசு கொடுக்கும் வரிசையில் நின்று மேடை ஏறினேன். மணப்பெண்ணை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தங்கையின் அதே கண்கள். சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு தங்கை அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். பட்டுப் பாவாடையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். மாப்பிள்ளை யாரிடமோ கை குலுக்கிக்கொண்டிருந்தார். பார்சலை நீட்டியதும் மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்களா அந்த மிஸ்? இவ எந்நேரமும் உங்க பேச்சுத்தானுங்க. உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. கோயலுக்குப் போயிட்டு வந்த மறுநாளு இவ எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தா. அப்பறம் மிஸ் யோசிச்சுச் சொல்றேன்னிருக்காங்க, அவங்க சொன்னதுக்கப்பறம் சொல்றேன்னுட்டா. நானும் ரெண்டு வாரமாக் கேட்டுப் பாத்தனுங்க, வாயவே தொறக்கல. என்ன விசயமுங்க மிஸ் அது?"

பின்னால் வரிசை நெருக்கியது. போட்டோகிராஃபர் இந்தப் பக்கம் பாருங்க என்றார். தங்கை தட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. கிளாஸ்ல வந்த ஒரு கேள்வி. நா இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்."

மணப்பெண் கலகலவென்று சிரித்தாள்.

"இன்னுமாங்க மிஸ்?"

ஃபிளாஷ் அடித்தது. தங்கை தட்டை என் பக்கம் நீட்டினாள். ஒரு கல்கண்டை எடுத்துக்கொண்டு நான் மேடையை விட்டு இறங்கினேன்.